இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் என்ன நகர்ந்தது?

வீடியோவில் ஒரு பொருள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், எந்த மாடலைப் போடலாம் என்று யாராவது கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். சொல்வதற்கு நல்ல பெயர்கள் இன்றைக்கு நிறையவே இருக்கின்றன. ஆனால் எனக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போக மனசு வருவதில்லை. கேமரா நகர்வைப் பதிவு செய்வதே இல்லை என்கிற விஷயம் மனதில் பதியாமல் எந்த மாடலை எடுத்து ஓட்டினாலும், அது வரைந்து தரும் அம்புக்குறிகளில் எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும். கேமராவிடம் இருப்பது ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்ற எண் மட்டும்தான். நகர்வு என்பது அந்த எண்களை வைத்து நாம் ஊகிப்பது. ஊகம் என்றால் ஏதோ ஒன்றை முன்கூட்டியே நம்பித்தான் ஆக வேண்டும். எந்த முறை எதை நம்புகிறது, அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒரு கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். படத்தின் ஒரே ஒரு வரிசையில் அடுத்தடுத்த ஐந்து பிக்சல்களின் பிரகாசம் 10, 20, 30, 40, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாகப் போகப் போக வெளிச்சம் கூடுகிறது, பிக்சலுக்குப் பத்து வீதம். அடுத்த ஃபிரேமில் அதே ஐந்து இடங்களில் 5, 15, 25, 35, 45 வருகிறது. நடுப் பிக்சலை மட்டும் பாருங்கள். 30 இருந்த இடத்தில் இப்போது 25. முந்தைய ஃபிரேமில் இந்த 25 எங்கே இருந்திருக்கும்? 20-க்கும் 30-க்கும் சரிபாதியில், அதாவது அரை பிக்சல் இடப்பக்கமாக. அது இப்போது இங்கே வந்து நிற்கிறது என்றால் அந்தப் பகுதி அரை பிக்சல் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. நேரத்தால் வந்த மாற்றம் மைனஸ் 5, இடத்தால் வரும் சரிவு 10, முன்னதைப் பின்னதால் வகுத்துக் குறியை மாற்றினால் 0.5. ஒவ்வொரு பிக்சலும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடும், ஆப்டிகல் ஃப்ளோ என்று சொல்லப்படும் துறை முழுவதற்கும் விதை இந்த ஒரு வகுத்தல்தான். பிக்சலைவிடச் சின்ன நகர்வைக்கூட இதனால் அளக்க முடிகிறது, அதை முதல் தடவை புரிந்துகொள்ளும்போது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

இப்போது எண்களை அப்படியே வைத்துக்கொண்டு கதையை மட்டும் மாற்றுகிறேன். நாம் படமெடுப்பது ஒரு சுவர், அது அசையவே இல்லை. விளக்கு கொஞ்சம் மங்கியது, எல்லாப் பிக்சலிலும் ஐந்து குறைந்தது. கிடைக்கும் எண்கள் அதே 5, 15, 25, 35, 45. கணக்கும் அதே அரை பிக்சல் என்றுதான் சொல்லும். இந்த ஐந்து எண்களுக்குள் எவ்வளவு தோண்டினாலும் சுவர் நகர்ந்ததா, விளக்கு மங்கியதா என்று பிரித்துச் சொல்ல வழியே கிடையாது. விளக்கை யாரும் தொட வேண்டும் என்றுகூட இல்லை, கேமரா தானாக எக்ஸ்போஷரை மாற்றிக்கொண்டாலே போதும். ஒரு புள்ளி நகர்ந்தாலும் அதன் பிரகாசம் மாறாது என்பதுதான் இங்கே நாம் வைத்த நம்பிக்கை, அது பொய்யானதும் விடையும் பொய்யாகிவிட்டது. பெர்த்தோல்ட் ஹார்னும் பிரையன் ஷுங்க்கும் 1981-இல் எழுதிய கட்டுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்: ஒரே நிறமுள்ள, கோடோ புள்ளியோ இல்லாத உருண்டை ஒன்று தன் அச்சில் சுழன்றால் அதன் மேல் விழும் நிழலும் வெளிச்சமும் இருந்த இடத்திலேயே இருக்கும், படத்தில் எதுவுமே மாறாது, ஆப்டிகல் ஃப்ளோ சுழியம். அதையே திருப்பிப் போடுங்கள். உருண்டை சும்மா இருக்கிறது, விளக்கு அதைச் சுற்றி நகர்கிறது, படம் முழுக்க நகர்வு தெரியும். உலகத்தில் நடக்கும் நகர்வும் படத்தில் தெரியும் நகர்வும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

சரி, பிரகாசம் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தப்பிக்க முடியாது. மேலே ஒரே வரிசையைத்தான் பார்த்தோம், படம் இரண்டு பரிமாணம். ஒரு பிக்சல் வலப்பக்கம் எவ்வளவு, கீழே எவ்வளவு என்று இரண்டு எண்கள் வேண்டும். கையில் இருப்பதோ ஒரு பிக்சலுக்கு ஒரு சமன்பாடு. இரண்டு மாறிகள், ஒரு சமன்பாடு. பள்ளிக்கூடத்திலேயே தெரியும், தீர்வு ஒன்றல்ல, ஒரு கோடு முழுக்கத் தீர்வுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு வெள்ளைத்தாளில் பட்டன் அளவுக்கு ஓட்டை போடுங்கள். இன்னொரு தாளில் நீளமாக, கீழ் இடப்பக்கத்திலிருந்து மேல் வலப்பக்கமாகச் சாய்வாக ஒரு கோடு வரைந்து, கோட்டின் முனைகள் தெரியாதபடி ஓட்டைக்குக் கீழே வைத்துக்கொண்டு மெதுவாக வலப்பக்கம் இழுங்கள். அப்புறம் கீழ்நோக்கி இழுங்கள். ஓட்டை வழியாகப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கோடு தனக்குச் செங்குத்தான திசையில் நகர்வதாக. கோட்டின் போக்கிலேயே இழுத்தால் நகர்வதாகவே தெரியாது. அப்பர்ச்சர் பிராப்ளம் என்று சொல்வது இதைத்தான். கண்ணுக்கும் இதே கதிதான், ஓட்டையை வைத்துக்கொண்டு முயன்று பார்த்தால் உண்மை தெரிந்த பிறகும் கண் பிடிவாதமாகத் தப்பான திசையையே சொல்லும். அதனால் ஒரு நிரல் கதவின் விளிம்பில் தப்பான திசையைக் காட்டினால் அதில் பிழை இருக்கிறது என்று உடனே தேடத் தொடங்காதீர்கள், அந்த இடத்தில் சரியான விடைக்கான தகவலே இல்லாமல் இருக்கலாம்.

இந்த ஒரு சமன்பாட்டுச் சிக்கலுக்கு 1981-ஆம் ஆண்டிலேயே இரண்டு விடைகள் வந்தன. ஒன்று மேலே சொன்ன ஹார்ன், ஷுங்க் இருவருடையது. இன்னொன்று புரூஸ் லூக்கஸ், டகேயோ கனாடே இருவருடையது. லூக்கஸும் கனாடேவும் உண்மையில் இரண்டு கேமராப் படங்களைப் பொருத்துவதற்காகத்தான் அதை எழுதினார்கள், வீடியோவுக்கு அது இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது பின்னால் நடந்த கதை. அவர்களுடைய நம்பிக்கை எளிமையானது: ஒரு பிக்சலைச் சுற்றியுள்ள சின்னச் சதுரத்தில் எல்லாப் பிக்சல்களும் ஒரே மாதிரிதான் நகரும். படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி என்ற நிரல் நூலகத்தில் அந்தச் சதுரத்தின் அளவு, நாம் எதுவும் மாற்றாவிட்டால், 21-க்கு 21. அதாவது 441 பிக்சல்கள், 441 சமன்பாடுகள், மாறிகள் அதே இரண்டு. இனி மீச்சிறு வர்க்க முறையில், அதாவது எல்லாச் சமன்பாடுகளிலும் வரும் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் விடையை எடுத்து, தீர்த்துவிடலாம்.

தீர்க்கும்போது நடுவில் ஒரு 2-க்கு 2 அணி வரும். சதுரத்துக்குள் இருக்கும் கிடைமட்டச் சரிவுகளின் வர்க்கங்களைக் கூட்டி ஒரு மூலையில், செங்குத்துச் சரிவுகளின் வர்க்கங்களைக் கூட்டி எதிர்மூலையில், இரண்டையும் பெருக்கிக் கூட்டியது மற்ற இரண்டு இடங்களில். அவ்வளவுதான், நான்கு எண்கள், அதிலும் இரண்டு ஒன்றேதான். படங்களைக் கணினிக்குப் புரியவைக்கும் கம்ப்யூட்டர் விஷன் துறையில் எனக்கு மிகப் பிடித்த பொருள் எது என்று கேட்டால் யோசிக்காமல் இந்த அணியைத்தான் சொல்வேன். ஏனென்றால் விடை என்ன என்று கேட்பதற்கு முன்பே, இந்த இடத்தில் விடை கிடைக்குமா கிடைக்காதா என்பதை இது சொல்லிவிடுகிறது. இதன் இரண்டு ஐகன் மதிப்புகளையும் பாருங்கள், அதாவது பிரகாசம் மிக அதிகமாக மாறும் திசையிலும் அதற்குச் செங்குத்தான திசையிலும் மாற்றம் எவ்வளவு என்று சொல்லும் இரண்டு எண்கள். இரண்டுமே பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வெறும் வானம், வெற்றுச் சுவர், எதுவும் சொல்ல முடியாது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் அங்கே ஒரு விளிம்பு ஓடுகிறது, குறுக்கே எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும், நெடுக எவ்வளவு என்று தெரியாது, நம் ஓட்டைத்தாள் சோதனை அப்படியே எண்ணாக வந்து நிற்கிறது. இரண்டுமே பெரிது என்றால் அது ஒரு மூலை, அல்லது இரண்டு திசையிலும் மாற்றமுள்ள கரடுமுரடான பரப்பு, அங்கே விடையை நம்பலாம். ஜியான்போ ஷீயும் கார்லோ டொமாசியும் 1994-இல் சொன்னது இதைத்தான்: சிறிய ஐகன் மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டும் புள்ளிகளை மட்டும் எடுத்துத் தொடருங்கள். பின்தொடர்வதற்கு எது நல்ல புள்ளி என்பதைப் பின்தொடரும் கணக்கே தீர்மானிக்கிறது, வெளியிலிருந்து யாரும் மூலை என்றால் என்ன என்று வரையறுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு நேர்மையான யோசனை இந்தத் துறையில் அதிகம் இல்லை என்பேன்.

ஹார்னும் ஷுங்க்கும் எடுத்த வழி வேறு. அவர்கள் எந்தப் பிக்சலையும் விட்டுவிடத் தயாராக இல்லை, படம் முழுவதற்கும் விடை வேண்டும். அதனால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் நகர்வு திடீரென்று மாறாது, வழவழவென்றுதான் மாறும் என்று நம்பினார்கள். வெற்றுச் சுவரின் நடுவில் எந்தத் தகவலும் இல்லையென்றால் ஓரங்களில் கிடைத்த விடை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பரவி வந்து அந்த இடத்தை நிரப்பும். பார்க்க அழகாக இருக்கும். சிக்கல் எங்கே வரும் என்றால் பொருளின் விளிம்பில். ஒரு கார் வலப்பக்கம் போகிறது, பின்னால் இருக்கும் சுவர் நிற்கிறது, காரின் ஓரத்தில் நகர்வு வழவழவென்று மாறுவதில்லை, வெட்டு விழுந்த மாதிரி மாறுகிறது. வழவழப்பை நம்பும் கணக்கு அந்த வெட்டைத் தேய்த்து, காரைச் சுற்றிச் சுவரும் கொஞ்சம் நகர்வதாகக் காட்டும். நமக்கு வேண்டியதே பொருளின் நகர்வுதான் எனும்போது மிக முக்கியமான இடத்தில் கோட்டை விடுகிறது. அடுத்த இருபது வருஷத்தில் நடந்த வேலையில் பெரும்பகுதி இதைச் சரிசெய்வதுதான்: மைக்கேல் பிளாக்கும் அனந்தனும் 90-களில் கொண்டுவந்த, பெரிய வித்தியாசங்களுக்குக் குறைந்த தண்டனை கொடுக்கும் முறைகள், 2004-இல் தாமஸ் பிராக்ஸும் கூட்டாளிகளும் பிரகாசத்தோடு சரிவும் மாறாமல் இருக்கும் என்று சேர்த்துக்கொண்டது. அந்தக் கடைசி யோசனை நம் மங்கிய விளக்குக்கு நேரடி மருந்து. எல்லாப் பிக்சலிலும் ஐந்து குறைந்தாலும் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசம் பத்தாகவே இருக்கும் அல்லவா.

அப்புறம் பெரிய நகர்வு. மேலே போட்ட வகுத்தல் கணக்கு அரை பிக்சல், ஒரு பிக்சல் என்கிற அளவில்தான் செல்லும், ஏனென்றால் சரிவு நேர்கோடாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம், கொஞ்சம் தள்ளிப் போனால் சரிவே மாறிவிடும். பொருள் ஒரே ஃபிரேமில் 40 பிக்சல் தாவினால்? படத்தைப் பாதியாகச் சுருக்கு, இன்னும் பாதி, இன்னும் பாதி. எட்டில் ஒரு பங்கில் 40 பிக்சல் 5 பிக்சலாகிவிடும். அங்கே முதலில் தோராயமாகக் கண்டுபிடித்து, அதன்படி ஒரு படத்தை இழுத்து மற்றதோடு பொருத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த பெரிய அளவில் தேடு. பிரமிடு முறை என்பது இதுதான், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு சின்னப் பந்தை நினைத்துப் பாருங்கள், 6 பிக்சல் அகலம், ஃபிரேமுக்கு 40 பிக்சல் வேகம். எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் அதன் அகலம் ஒரு பிக்சலுக்கும் குறைவு, பின்னணியோடு கரைந்தே போய்விடும். அங்கே பின்னணியின் நகர்வுதான் பந்துக்கும் விடையாக எழுதப்படும், மேலே பெரிய அளவுக்கு வரும்போது பந்து மறுபடி தெரிந்தாலும் தேடும் எல்லைக்கு வெளியே போயிருக்கும். சின்னதாகவும் வேகமாகவும் இருப்பவை, அதாவது பந்து, பறவை, வீசும் கையின் விரல்கள், பிரமிடு முறைகள் வரிசையாகத் தோற்கும் இடம் இவைதான். கேமராவை வினாடிக்கு 30 ஃபிரேமிலிருந்து 120-க்கு மாற்ற முடிந்தால் 40 பிக்சல் 10 ஆகிவிடும். ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்ட வழியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், அதுக்கப்புறம் மாடலை மாற்றலாம் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

இவ்வளவு முறைகள் வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. விடை சரியா என்று எப்படித் தெரியும்? ஒரு படத்தில் பூனை இருக்கிறதா என்று பத்துப் பேரை உட்காரவைத்து எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு பிக்சலும் 3.4 வலது, 1.2 கீழே என்று எந்த மனிதராலும் எழுத முடியாது. இந்த முறைகளைச் சோதிப்பதற்கான மிடில்பரி தரவுத்தொகுப்பைச் செய்தவர்கள் 2007-இல் கண்டுபிடித்த வழியை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும். காட்சியில் உள்ள பொருட்கள் மேல் ஒளிரும் வண்ணத்தைப் பொடிப்பொடியாகத் தெளித்துவிட்டார்கள். சாதாரண வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, புற ஊதா விளக்கைப் போட்டால் எல்லாப் பரப்பும் நட்சத்திரம் மாதிரிப் புள்ளிப்புள்ளியாக ஒளிரும். பொருளைத் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு நிலையிலும் இரண்டு விளக்கிலும் படமெடுப்பார்கள். புற ஊதாப் படத்தில் வெற்றுச் சுவர்கூடக் கரடுமுரடாக இருப்பதால் நகர்வை மிகத் துல்லியமாக அளக்கலாம், சாதாரணப் படத்தை மட்டும் நம்மிடம் கொடுத்து விடையைக் கேட்பார்கள். மேலே சொன்ன அணியின் இரண்டு ஐகன் மதிப்புகளையும் படம் முழுக்கப் பெரிதாக்குவதற்கு உலகத்தையே பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2012-இல் இரண்டு தொகுப்புகள் வந்தன. கிட்டி என்பது ஓடும் காரின் மேல் கேமராவோடு லேசர் ஸ்கேனரையும் பொருத்தி எடுத்தது. லேசர் தொட்ட இடங்களில் மட்டும்தான் விடை உண்டு, முதல் பதிப்பில் நகராத காட்சிகள்தான், நகரும் கார்களை 2015 பதிப்பில் முப்பரிமாண மாதிரிகளைப் பொருத்திச் சேர்த்தார்கள். சின்டெல் என்பது அதே பெயருள்ள அனிமேஷன் குறும்படத்தை எடுத்து, கணினியே வரைந்த காட்சி என்பதால் ஒவ்வொரு பிக்சலும் எங்கே போனது என்பதையும் கணினியிடமே வாங்கியது. நீண்ட தாவல்கள், மங்கல், புகை எல்லாம் அதில் உண்டு.

பிறகு வந்தது கற்றல். 2015-இல் ஃப்ளோநெட் என்ற நரம்பியல் வலைப்பின்னலுக்கு (நாம் சமன்பாடு எழுதித் தராமல் எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நிரல்) பயிற்சி தர உண்மையான வீடியோ கிடைக்கவில்லை, அதனால் புகைப்படங்களின் மேல் முப்பரிமாண நாற்காலிகளை ஒட்டி அங்குமிங்கும் பறக்கவிட்டு 22,872 ஜோடிப் படங்களைச் செய்தார்கள். எந்த நாற்காலியும் அப்படிப் பறப்பதில்லை. ஆனாலும் அதில் படித்த வலைப்பின்னல் நிஜ வீடியோவிலும் ஓரளவு நன்றாக வேலை செய்தது, நகர்வைப் பொருத்திப் பார்க்கும் திறமை காட்சி என்ன என்பதைப் பெரிதாகச் சார்ந்திருக்கவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. 2020-இல் வந்த ராஃப்ட் இன்னும் ஒருபடி மேலே போனது. பிரமிடு மாதிரி சுருங்கிய படத்தில் தொடங்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு எட்டுக்கு எட்டு கட்டத்துக்கும் ஒரு விவரணையை (அந்தக் கட்டம் எப்படித் தோன்றுகிறது என்று சொல்லும் எண்களை) எடுத்து, முதல் ஃபிரேமின் எல்லாக் கட்டங்களையும் இரண்டாவதின் எல்லாக் கட்டங்களோடும் ஒப்பிட்டு வைத்துக்கொள்கிறது. 1024-க்கு 440 படத்தில் 128-க்கு 55, அதாவது 7,040 கட்டங்கள், ஒப்பீடுகள் ஏறக்குறைய 5 கோடி. அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்து விடையைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போகிறது. 40 பிக்சல் தாவிய பந்தும் அந்தப் பட்டியலுக்குள் எங்கோ இருப்பதால் பிரமிடு முறையில் கரைந்து போன மாதிரிப் போய்விடாது.

ராஃப்ட் எனக்குப் பிடிக்கும், அன்றாடம் பயன்படுத்தவும் செய்கிறேன். ஆனால் இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமும் இருக்கிறது. லூக்கஸ்-கனாடே முறை வெற்றுச் சுவரைப் பார்த்தால் அணி கெட்டுப்போய் நின்றுவிடும், அதுவே ஒரு பதில். இந்த வலைப்பின்னல்கள் நிற்பதில்லை. வெற்றுச் சுவரோ கண்ணாடிப் பிரதிபலிப்போ மறைந்து போன பகுதியோ, எதைக் கொடுத்தாலும் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் அழகான அம்புக்குறியைத் தந்துவிடும். நம்பிக்கைகள் எங்கும் போய்விடவில்லை, முன்பு சமன்பாட்டில் எழுதி வைத்திருந்தவை இப்போது பயிற்சிப் படங்களுக்குள் ஒளிந்திருக்கின்றன, நாம் படித்துப் பார்க்க முடியாத இடத்தில். விடையோடு சேர்த்து அதை எவ்வளவு நம்பலாம் என்ற இன்னொரு எண்ணையும் தராத ஒரு நகர்வுக் கணக்கை வேலைக்கு எடுத்துப் போக எனக்குத் தயக்கமாகவே இருக்கும்.

அதற்கு ஒரு மலிவான வழி உண்டு. முதல் ஃபிரேமிலிருந்து இரண்டாவதற்கு ஃப்ளோ கணக்கிடுங்கள், அப்புறம் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு. ஒரு பிக்சலை முன்னே கொண்டுபோய்த் திரும்ப அழைத்துவந்தால் கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். ஐந்து பிக்சல் தள்ளி வந்து நின்றால் அந்த அம்புக்குறியைத் தூக்கிப் போடுங்கள். மறைந்து போன பகுதிகள் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் இரண்டாவது ஃபிரேமில் அந்த இடத்தில் நிற்பது வேறு பொருள், அது தன் வழியில் திரும்பிப் போகும். மங்கிய விளக்கு மட்டும் இதில் மாட்டாது. அரை பிக்சல் வலது போய், அரை பிக்சல் இடது திரும்பி, சரியாகக் கிளம்பிய இடத்துக்கு வந்து நிற்கும், இரண்டு திசையிலும் ஒரே பொய். இந்தச் சோதனை தேறியவை எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது, தேறாதவை பொய் என்பது மட்டும் அநேகமாக நிச்சயம். சமீபத்திய புள்ளித் தொடர் முறைகள், அதாவது அவற்றைச் சோதிக்க 2022-இல் வந்த டேப்-விட் என்ற அளவுகோலும் அதற்குப் பிறகு வந்த கோட்ராக்கர் போன்ற முறைகளும், ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதோடு இப்போது தெரிகிறதா மறைந்திருக்கிறதா என்பதையும் கேட்டுச் சொல்கின்றன. அந்தக் கேள்வியை மறுபடி முறைக்குள்ளேயே கொண்டுவந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

இவ்வளவு தூரம் வந்தும் நம்மிடம் இருப்பது பிக்சல்களின் நகர்வுதான், பொருளின் நகர்வு இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது தூரம். ஒரு கேமராவின் குவியத்தூரம் பிக்சல் கணக்கில் 1000 என்று வையுங்கள். ஒருவர் படத்தின் குறுக்கே ஃபிரேமுக்கு 10 பிக்சல் நகர்கிறார், வினாடிக்கு 30 ஃபிரேம். அவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் ஃபிரேமுக்கு 0.2 மீட்டர், வினாடிக்கு 6 மீட்டர், ஓடுகிறார். 5 மீட்டரில் இருந்தால் வினாடிக்கு ஒன்றரை மீட்டர், சாதாரண நடை. அதே 10 பிக்சல்தான். ஒரே கேமரா வீடியோவை மட்டும் வாங்கிக்கொண்டு வேகத்தை மீட்டரில் சொல்லும் எந்த மென்பொருளும் தூரத்தை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டிருக்கிறது: தரை சமமாக இருக்கிறது என்று, அல்லது ஆளின் உயரம் இவ்வளவு இருக்கும் என்று. அது எதை எடுத்துக்கொண்டது என்று கேட்காமல் அந்த எண்ணை யாரிடமும் கொடுக்காதீர்கள். கேமராவும் நகர்ந்துகொண்டிருந்தால் இன்னும் சிக்கல், முதலில் பின்னணியின் நகர்வை வைத்துக் கேமராவின் பங்கைக் கழிக்க வேண்டும், அந்தப் பங்கும் தூரத்துக்குத் தூரம் மாறும்.

கேமராவை நோக்கி நேராக வரும் பொருளில் மட்டும் கதை வேறு, தூரமே தெரியாமல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடலாம். எதிரே வரும் ஒரு வண்டி படத்தில் 50 பிக்சல் அகலம் இருந்தது, பத்தில் ஒரு வினாடியில் 52 ஆனது. அகலம் 1.04 மடங்கு, அதாவது 0.04 கூடியிருக்கிறது. 0.1 வினாடியை 0.04-ஆல் வகுத்தால் 2.5. இதே வேகத்தில் வந்தால் இன்னும் இரண்டரை வினாடியில் நம்மைத் தொட்டுவிடும். வண்டி எவ்வளவு பெரிது, எவ்வளவு தள்ளி இருக்கிறது, என்ன வேகம் என்று எதுவுமே தெரிய வேண்டாம், கணக்கில் எல்லாம் அடிபட்டுப் போகின்றன. ஓட்டுநர்கள் பிரேக் போடும் நேரத்தை இந்த விகிதத்தை வைத்தே தீர்மானிக்கிறார்கள் என்று டேவிட் லீ 1976-இலேயே எழுதினார்.

இதை நிரலாக எழுதுபவர்கள் பொதுவாக ஒரு கண்டுபிடிப்பான் (படத்தில் வண்டி எங்கே என்று கண்டுபிடித்து அதைச் சுற்றிப் பெட்டி போடும் நிரல்) தரும் பெட்டியின் அகலத்தை எடுத்து வகுப்பார்கள். பெட்டியின் ஓரம் ஒரு பிக்சல் ஆடுவது சகஜம். 52-க்குப் பதில் 51 என்று வந்தால் விடை 5 வினாடி, 53 என்று வந்தால் 1.7 வினாடிக்கும் குறைவு. ஒரு பிக்சல் ஆட்டத்துக்கு மூன்று மடங்கு வித்தியாசம், பிரேக் போடுவதா வேண்டாமா என்ற முடிவையே இது மாற்றிவிடும். அதனால் பெட்டியை விடுங்கள். பெட்டிக்குள் சிறிய ஐகன் மதிப்பு பெரிதாக உள்ள ஐம்பது, அறுபது புள்ளிகளை எடுத்து, லூக்கஸ்-கனாடே முறையில் அடுத்த ஃபிரேமுக்குத் தொடர்ந்து, முன்னே பின்னே போய்வரும் சோதனையில் தேறாதவற்றைக் கழித்துவிடுங்கள். மிச்சமுள்ள புள்ளிகளில் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவிலிருந்த தூரம் எத்தனை மடங்கு கூடியது என்று கணக்கிட்டு, அந்த விகிதங்களின் இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, எடுங்கள். 2010-இல் கலாலும் கூட்டாளிகளும் எழுதிய தொடர்முறை அளவு மாற்றத்தைக் கணக்கிடுவது இப்படித்தான். ஐம்பது புள்ளிகள் என்றால் 1,225 ஜோடிகள். ஒவ்வொரு புள்ளியும் பிக்சலில் சிறு பங்கு துல்லியத்தோடு தொடரப்பட்டிருப்பதாலும், நான்கைந்து ஜோடிகள் கெட்டுப்போனாலும் இடைநிலை அசையாது என்பதாலும், பெட்டியின் அகலம் தருவதைவிட இந்த 1.04 பல மடங்கு நம்பகமானது. தேறிய புள்ளிகள் பத்துக்கும் கீழே போய்விட்டால் அந்த ஃபிரேமுக்கு எண்ணே தராமல், தெரியவில்லை என்று திருப்பி அனுப்பும்படி எழுதுங்கள், அடுத்த ஃபிரேம் இன்னும் முப்பதில் ஒரு வினாடியில் வந்துவிடும்.